களிம்பை அரைத்தது நான்

உங்கள் அம்மா உங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை. சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் எண்ணெய் வழிய வெயிலில் ஓடும்போது நீங்கள் மட்டும் வறண்ட தலையோடு நின்றிருக்கிறீர்கள். அதற்காக அவளைக் கேலி செய்தும் இருக்கிறீர்கள். போன கோடை விடுமுறையில் சித்தூருக்கு அத்தை வீட்டுக்குப் போய் வந்த பின் அந்தக் கேலி நின்றுவிட்டது. பெரியவன் அன்றிலிருந்து அம்மா கையால் சோறு வாங்குவதில்லை. தானே போட்டுக்கொள்கிறான். அத்தை உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக அவள் சொல்லிவருவது ஒன்றுதான். உங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தது, அதை உங்கள் அம்மாவே மருந்தைத் தேய்த்துக் கொன்றுவிட்டாள் என்று.

குழந்தை இருந்தது உண்மை. மருந்தால் செத்ததும் உண்மை. உங்கள் அம்மா கொன்றாள் என்பது பொய். அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். மருந்து விஷயத்தில் பிழை இருக்காது. அதை அவ்வளவு தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்போது நம் ஜில்லா சென்னை ராஜதானியில் இருந்தது. இரண்டாவது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வெதுருகுப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மிஷன்காரர்கள் வைத்திருந்த சின்ன மருந்துச்சாலையில் நான் காம்பவுண்டர். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், பின்னால் நாங்கள் இருந்த வீடு. டாக்டரம்மா சித்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வந்து நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் புண் கழுவுவது, மருந்து கலக்குவது, களிம்பு அரைப்பது எல்லாம் நான்தான். ஊரில் என்னையே டாக்டர் என்பார்கள். வேண்டாம் என்று நானும் சொன்னதில்லை.

அந்தப் பக்கத்தில் கரும்புக் கொல்லையில் வேலை செய்பவர்கள் அதிகம். நாள் முழுக்க ஈரத் துணியோடு நிற்பார்கள். படர்தாமரை வராத இடுப்பு கிடையாது. அதற்கு ஒரு களிம்பு உண்டு. நூறு பங்கு களிம்பில் பென்சாயிக் ஆசிட் ஆறு பங்கு, சாலிசிலிக் ஆசிட் மூன்று பங்கு, மீதி வாசலைன். இரண்டும் வெள்ளைத் தூள். ஒன்று படர்தாமரைப் பூஞ்சையை வளரவிடாது. மற்றொன்று மேல்தோலை உரித்து மருந்துக்கு வழி விடும்.

இந்த இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று டாக்டரம்மா ஒரு நாள் எனக்கு விளக்கினார். கரியணு ஆறு கைகோத்து ஒரு வளையமாக நிற்குமாம். அந்த வளையத்தில் ஒரு புளிப்பு வால். அதுதான் பென்சாயிக் ஆசிட். வாலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கிளை முளைத்தால் அது சாலிசிலிக் ஆசிட். அந்தக் கிளை ஒன்றுதான் வித்தியாசம். மாம்பழச் சாறு புளிக்காமல் இருக்கப் போடும் உப்பும், காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கும் மருந்தும் இந்தக் குடும்பத்திலிருந்து வந்தவைதான் என்றார். நான் தலையாட்டினேன். கையில் இருந்த சீட்டில் குறித்துக்கொண்டேன். அவர் சொன்னதில் முதல் பாதி எனக்குள் போயிற்று. கடைசியில் சொன்னது போகவில்லை.

யுத்தத்தில் சீமைச் சரக்கு வருவது நின்றது. முதலில் தீர்ந்தது பென்சாயிக் ஆசிட். டாக்டரம்மா சொன்னார், சாம்பிராணியைப் பக்குவமாகச் சூடுகாட்டினால் அதிலிருந்து இறக்கலாம் என்று. சாம்பிராணி வாங்க என்னைத் திருப்பதிக்கு அனுப்பினார். மலையடிவாரத்துக் கடைத்தெருவில் நாமம் போட்ட ஒரு கடைக்காரர். மிஷன் சீட்டைப் பார்த்ததும் சிரித்தார்.

“ஏமய்யா, நீ சர்ச்சு மனுஷன் இல்ல? உங்க சாமிக்குத்தான் பொகை ஆவாதே. கட்சி மாறிட்டியா?”

“மருந்துக்குங்க.”

“மருந்துக்கா! யாருக்குப் பேய் புட்ச்சிக்கிது?”

“பேய் இல்ல. படர்தாமரை.”

“அட ராமா. இடுப்புக்கு சாம்பிராணி பொகை போடறவன இப்பத்தான் பாக்கறேன்.” கட்டியை உடைத்துத் தராசில் போட்டார். “இத பாரு. ஒண்ணு சொல்லிடறேன், அப்பறம் வந்து சண்ட போடாதே. சுமத்திரா சரக்கு வர்ற கப்பல் லேது. கொஞ்சம் குங்கிலியம் கலந்துதான் கீது.”

கொஞ்சம் இல்லை, பாதிக்கு மேல் குங்கிலியம். அதை இடித்து ஒரு தட்டையான இரும்புச் சட்டியில் பரப்பினேன். மேலே ஊசியால் துளை போட்ட வடிதாளை ஒட்டினேன். அதன்மேல் தடித்த தாளைக் கூம்பாகச் சுற்றிக் கவிழ்த்தேன். சட்டிக்கு அடியில் மணல், மணலுக்கு அடியில் உமித்தணல். வேகம் கூடினால் கரிந்துவிடும். அரை நாள் பொறுமையாக உட்கார்ந்த பிறகு கூம்பைத் திருப்பினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக ஊசிகள் பூத்திருக்கும். பறவை இறகைவிட லேசு. மூச்சு விட்டால் பறக்கும், மூக்கில் ஏறினால் இருமித் தீர்க்க வேண்டும். நல்ல சாம்பிராணியாக இருந்தால் ஒரு கைப்பிடி கிடைக்கும். எனக்கு ஒரு தேக்கரண்டி கிடைத்தது.

சாலிசிலிக் ஆசிடுக்கு அந்தப் பஞ்சம் இல்லை. நீலகிரியில் விளையும் ஒரு செடியின் இலையிலிருந்து இறக்கும் தைலம் பெரிய புட்டியில் இருந்தது. மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலம்தான், வாசனை தூக்கும். அதில் காஸ்டிக் சோடாத் தண்ணீர் விட்டு வாசனை போகும்வரை காய்ச்ச வேண்டும். பிறகு ஆறவிட்டுக் கந்தக ஆசிடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பால் திரிகிற மாதிரி வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்காரும். வடிகட்டி, கொதிநீரில் கரைத்து, மறுபடி ஆறவைத்தால் சுத்தமான சாலிசிலிக் ஆசிட். முதல் தடவை அது விழுந்ததைப் பார்த்தபோது உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “உப்புமா கிண்டறாப்பல இன்னா கிண்டுகினு கீறீங்க. அரிசி வெந்து போச்சி, துன்ன வாங்க” என்றாள்.

இங்கே ஒன்றைக் கவனித்துப் படியுங்கள். காஸ்டிக் சோடாவில் காய்ச்சி முடித்து, கந்தக ஆசிட் விடுவதற்கு முன்னால், அந்தச் சட்டியில் இருப்பது சோடியம் சாலிசிலேட். அதைத்தான் உப்பாக எடுத்து, சர்பத்தில் கரைத்து, காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் மிக்சராகக் கொடுப்பது. அந்த மிக்சரும் என் அலமாரியில் இருந்தது, புட்டியில் வந்தது, வேறு லேபிள் ஒட்டியது. களிம்பு ஜாடி கீழ்த்தட்டு, மிக்சர் மேல்தட்டு. இரண்டையும் என் கையாலேயே எடுப்பேன், வைப்பேன். இரண்டும் ஒன்று என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மாசி பிறந்தபோது களிம்பு தீர்ந்தது. கேட்டு வருகிறவர்கள் தாழ்வாரத்தில் நின்றார்கள். பென்சாயிக் ஆசிட் ஒரு சிட்டிகைகூட இல்லை. டாக்டரம்மா வர இன்னும் பத்து நாள். நான் யோசித்தேன். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் பூஞ்சைக்கு எதிரி. ஆறும் மூன்றும் ஒன்பது. ஆறு இல்லாவிட்டால் ஒன்பதையும் சாலிசிலிக் ஆசிடாகவே போட்டால் என்ன? போட்டேன். வாசலைனும் தீர்ந்திருந்தது. அதற்கு விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் சேர்க்கலாம் என்று டாக்டரம்மாவே முன்பு அனுமதித்திருந்தார். ஆனால் வெயில் ஏற ஏற மெழுகு இளகி, களிம்பு எண்ணெயாகவே ஓடியது.

யாரையும் கேட்காமல் செய்த அந்தக் களிம்பு நன்றாக வேலை செய்தது. அதுதான் கேடு. ஒரு கரும்புக் கொல்லைக்காரர் வந்து தாழ்வாரத்தில் எல்லார் முன்னாலும் வேட்டியை ஒதுக்கிக் காட்டினார்.

“டாக்டரே, பாம்பு சட்ட உரிக்கறாப்பல உரிச்சிகினு வருதுய்யா! முன்ன குட்த்தியே, அது மருந்தே இல்ல.”

“எரியுதா?”

“எரியாத மருந்து ஒரு மருந்தா? இன்னும் ஒரு ஜாடி குடு. என் மச்சானுக்கும் வேணும். அவனுக்கு நல்லா எரியறாப்பல குடு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டரம்மா அடுத்த முறை வந்தபோது ஒன்பது பங்கு விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

உங்கள் அக்காவுக்கு அப்போது இரண்டு வயது. பெயரை இங்கே எழுதவில்லை. அம்மா அதைச் சொல்வதில்லை, அதனால் நானும் எழுதவில்லை. எந்நேரமும் மருந்துச்சாலைத் தரையில்தான் இருப்பாள். காலி டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, கடைசி டப்பாவை வைக்கும்போது தள்ளிவிடுவாள். அவளுக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் படர்தாமரை வந்தது. வந்துபோகிற நோயாளிகளிடமிருந்து ஒட்டியிருக்கலாம். இரண்டு வாரத்தில் சொறிந்து சொறிந்து தோல் முழுக்கப் புண். ராத்தூக்கம் கெட்டது. ஒரு புதன்கிழமை நான் ஜாடியை எடுத்து உங்கள் அம்மா கையில் கொடுத்தேன்.

“எங்கெங்க தடவணும்?” என்று கேட்டாள்.

“ஒடம்பு முச்சூடும் தடவிடு. இன்னும் வராத எடத்துலயும் வராம இருக்கும்.”

“எண்ணெ தேய்க்கறாப்பலயா?”

“ஆமா, எண்ணெ மாதிரியேதான். நல்லா தேய்ச்சி, ஊற வெச்சி, சுடுதண்ணி ஊத்து.”

இதுதான் நடந்த பேச்சு. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம் பக்கத்தில் குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் போட்டு, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெயை அழுத்தித் தேய்த்து, ஒரு நாழிகை ஊறவிட்டு, சூடு பறக்கத் தண்ணீர் ஊற்றுவது. அவள் அப்படியே செய்தாள். கொடுத்தது நான், சொன்னது நான், அவள் கேட்டுக்கேட்டுத்தான் செய்தாள். சொறிந்த தோலில், அதுவும் எண்ணெயில் கரைந்த மருந்து எவ்வளவு உள்ளே போகும் என்பது தெரிந்திருக்க வேண்டியவன் நான். நான்கு நாள் தேய்த்தாள்.

மூன்றாம் நாளே குழந்தை குடித்த பாலைக் கக்கியது. உங்கள் அம்மா வந்து, “காதப் புட்ச்சிகினு அழுவுது. எறும்பு கிறும்பு போயிருக்குமா?” என்றாள். நான் காதில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இந்த மருந்து அளவு மீறினால் காதில் இரைச்சல் போடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான்காம் நாள், சனிக்கிழமை, மூச்சு வித்தியாசமாக இருந்தது. ஓடி வந்த மாதிரி, நீளமாகவும் வேகமாகவும். ஆனால் அவள் ஓடவில்லை, பாயில் படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது. ஊரில் அப்போது விஷக்காய்ச்சல் இருந்தது. அதுதான் என்று முடிவு கட்டினேன். மேல்தட்டிலிருந்து காய்ச்சல் மிக்சரை எடுத்து, குழந்தை அளவுக்குச் சங்கில் ஊற்றி, நானே வாயில் விட்டேன். துப்பினாள். மூக்கைப் பிடித்து மறுபடி விட்டேன். அன்றைக்கு மூன்று வேளை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒரு வேளை கொடுத்துவிட்டுத்தான் ஆராதனைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கை ஒரு முறை வெட்டி இழுத்தது.

மாட்டுவண்டி பிடித்து ரோட்டுக்கு வந்தோம். யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். அந்தக் கரி பஸ் ஏற்றத்தில் நின்றுவிடும். அன்றைக்கும் நின்றது.

“ஆம்பளைங்க எறங்கி தள்ளுங்க!” என்றான் கண்டக்டர்.

“டிக்கெட்டு எங்களுக்கு, ஒழைப்பும் எங்களுக்கா?” என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

நானும் இறங்கித் தள்ளினேன். ஜன்னலுக்கு நேரே நின்று தள்ளினேன். உள்ளே அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. பக்கத்தில் தள்ளியவரும் கேட்டிருக்க வேண்டும். “கொழந்தைக்கு இன்னா?” என்றார். “ஜொரம்” என்றேன். “காத்து கருப்பு பட்டிருக்கும், தாயத்து கட்டினியா?” என்றார். நான் கொடுத்ததைவிடத் தாயத்து ஒன்றும் கெடுதல் செய்திருக்காது.

சித்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையைத் தொடுவதற்கு முன்பே நின்று மூச்சைக் கேட்டார். பிறகு உங்கள் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன குடுத்தே?”

“ஜொரத்துக்கு சாலிசிலேட் மிக்சர்ம்மா. நாலு வேளை.”

“ஜொரம் எப்போ வந்தது? அதுக்கு முன்னாடி என்ன?”

“படர்தாமரைக்குக் களிம்பு தடவினோம்.”

“எவ்ளோ எடத்துல?”

“ஒடம்பு முச்சூடும். நாலு நாளா.”

அவர் குழந்தையின் சிறுநீரைக் கொஞ்சம் பிடித்தார். கண்ணாடிக் குழாயில் விட்டு விளக்கில் கொதிக்கவைத்தார். அலமாரியிலிருந்து இரும்பு மருந்துப் புட்டியை எடுத்தார். ரத்தம் நிற்க வைப்பதற்குப் போடுவோமே, அந்தப் பழுப்பு மருந்து. இரண்டு சொட்டு விட்டார். குழாய் முழுவதும் கத்தரிப்பூ நிறம் ஆயிற்று. பக்கத்தில் இருந்த என் முகம் அதில் தெரிகிற அளவுக்கு அடர்த்தி.

“இது சாலிசிலிக் ஆசிட் இருந்தா வர்ற நெறம். மூணு பங்கு களிம்பும் நாலு வேளை மிக்சரும் சேந்தாகூட இவ்ளோ வராதே. எத்தனை பங்கு போட்டே?”

“ஒம்போது.”

“பென்சாயிக்?”

“இல்லம்மா. அது தீந்து போச்சி. அதான்…”

“அந்த விஷத்தாலதான் ஜொரம் வந்தது. அதுக்கு மருந்துன்னு மறுபடியும் அதையே வாயில ஊத்தியிருக்கே. உன் சட்டியில நீயே காய்ச்சினியே, அப்போகூடவா தெரியல?”

தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் உடம்பு இந்த ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றோடு சேர்த்துக் கட்டிச் சிறுநீரில் தள்ளிவிடும், இரண்டு வயது உடம்புக்கு அந்த வேகம் கிடையாது என்றார் டாக்டரம்மா. ஊசி வழியாக உப்புத் தண்ணீரும் சோடாவும் ஏற்றினார். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். உங்கள் அம்மாதான் துடைத்தாள். கை நிறுத்தவில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் அத்தை, என் அக்கா, அதே ஊர் என்பதால் சேதி கேட்டு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

“நல்லாத்தானே இருந்திச்சி? இன்னாடி ஆச்சி?” என்றாள் அத்தை.

“மருந்து தேய்ச்சேன் அண்ணி. நாலு நாளா தேய்ச்சேன்” என்றாள் உங்கள் அம்மா.

“தேய்ச்சியா? தடவற மருந்த எண்ணெயாட்டமா தேய்ச்சே?”

“ஆமா அண்ணி.”

“அடிப்பாவி! உன் கையாலயே வாரிக் குட்த்துட்டியே! புருஷன் டாக்டராட்டம் கீறான், ஒரு வார்த்த கேட்டியா அவன?”

உங்கள் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன். “அவள் கேட்டாள், நான்தான் அப்படித் தேய்க்கச் சொன்னேன்” என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். உள்ளே டாக்டரம்மா என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார், “உன் பெண்சாதிகிட்ட நீயே போய் உண்மையைச் சொல்லு” என்று. சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வெளியே வந்திருந்தேன். நான் சுவரைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் மௌனத்துக்கு அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாள் என்றால், தான் ஏதோ தப்பாகத் தேய்த்துவிட்டோம், அது எனக்குத் தெரியும், பெருந்தன்மையாகச் சொல்லாமல் இருக்கிறேன் என்று. மிஷன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது பெண்கள் அவளை விட்டு ஒரு அடி தள்ளியே நின்றார்கள்.

டாக்டரம்மா என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. இனி அவர் கண்ணால் பார்க்காமல் எதையும் கலக்கக்கூடாது என்றார். ஊரில் கொடுத்த களிம்பு முழுவதையும் திரும்ப வாங்கச் சொன்னார். வீடு வீடாகப் போனேன். கொடுக்க மனசில்லை யாருக்கும். கொல்லைக்காரர், “குட்த்தத திருப்பிக் கேக்கற டாக்டர இப்பத்தான்யா பாக்கறேன்” என்று ஜாடியைப் பின்னால் ஒளித்தார். மருந்து கெட்டுப்போயிற்று என்று எல்லாரிடமும் பொய் சொன்னேன். ஒரு வீட்டில் கைக்குழந்தைக்குத் தொடையில் தடவிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச இடம்தான், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அந்த ஜாடியை வாங்கிப் பையில் போட்டதும் அந்தத் தாய், “ஊட்ல துக்கம் நடந்திருக்குது, நீ ஏன்யா அலையறே” என்று மோர் கொடுத்தாள்.

கிணற்றுப் பக்கம் கொட்டாதே, தள்ளிக் குழி வெட்டி மண்ணில் பரவலாகக் கலந்து மூடு, மண்ணில் இருக்கிற கிருமிகள் சில வாரத்தில் அந்த வளையத்தையே உடைத்துத் தின்றுவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்கு நம்பிக்கை இல்லை. மருந்துச்சாலைக்குப் பின்னால் குழி வெட்டிக் கலந்து மூடினேன். அடுத்த வாரம் அங்கே ஒரு பிடி மண் எடுத்து, தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, இரும்பு மருந்து இரண்டு சொட்டு விட்டேன். கத்தரிப்பூ நிறம். மறு வாரமும் அதே நிறம், கொஞ்சம் வெளிறி. குழியைச் சுற்றி இருந்த புல் கருகியிருந்தது. நடுவில் ஒரு கோடை மழை வந்தது. ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ, வெறும் பழுப்புத் தண்ணீர். வேறு இடத்து மண்ணும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி. மண் அவ்வளவையும் ஜீரணித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு முடிந்தது அந்தக் குழந்தை உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அம்மா பின்னால் வந்து நின்றது தெரியாது.

“தெனமும் இன்னாத்த மண்ண கலக்கிகினு கீறீங்க?” என்றாள்.

அப்போது சொன்னேன். ஒன்பது பங்கையும் சொன்னேன், மிக்சரையும் சொன்னேன், டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டாள். “அப்போ நான் தேய்ச்சது?” என்றாள்.

“நான் சொன்னபடிதானே தேய்ச்சே.”

“அத ஏன் அன்னிக்கே அண்ணிகிட்ட சொல்லல?”

நான் குழாயில் இருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினேன்.

“வர்ற ஞாயித்துக்கெழம சபையில சாட்சி சொல்ற நேரத்துல எழுந்து சொல்லுங்க. எல்லாரும் இருப்பாங்க. அண்ணியும் பண்டிகைக்கு வராங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

நம் சபையில் சாட்சி சொல்வது உங்களுக்குத் தெரியும். யாராவது எழுந்து தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் எழுந்தேன். சொல்லத்தான் எழுந்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். என்னிடம் மருந்து வாங்குகிறவர்கள், என்னை டாக்டர் என்கிறவர்கள். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்துக்கொண்டார், அவருக்கு ஸ்தோத்திரம்.” எல்லாரும் ஆமென் சொன்னார்கள். உபதேசியார் என் தோளைத் தட்டினார். பெண்கள் பக்கத்தில் உங்கள் அம்மா ஆமென் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் அவள் அதைக் கேட்டதில்லை. நீங்கள் ஒவ்வொருவராகப் பிறந்தீர்கள். ஒருவரையும் அவள் எண்ணெயோடு காலில் போடவில்லை.

இதை எழுதி முடித்துப் போன வாரம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடைசிவரை கேட்டாள். “அண்ணிக்கு?” என்றாள். மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறிச் சித்தூருக்குப் போனோம். அத்தை வீட்டு நடையில் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பின இடத்தையும் படித்தேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

“தம்பி, உன்ன மாதிரி புருஷன் எவளுக்குக் கெடைப்பான்!” என்றாள். “அவ மேல பழி வரக்கூடாதுன்னு இத்தினி வருஷம் கழிச்சி உன் தலைமேல எடுத்துப் போட்டுக்கறியே. நீயாவது, தப்பா மருந்து கலக்கறதாவது. ஊரே சொல்லும் உன் கைராசி இன்னான்னு.”

“இல்லக்கா, சத்தியமா நான்தான்.”

“சரிடா, சரி. பசங்களுக்காக எழுதியிருக்கறே. நல்லதுதான்.” பிறகு உங்கள் அம்மா பக்கம் திரும்பினாள். “பாத்தியாடி? இப்பிடிப்பட்டவன் ஊட்ல வாழறே. ஞாபகத்துல வெச்சிக்கோ.”

உங்கள் அம்மா எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு எனக்கு முன்னால் நடந்தாள்.

என் வாய்ச்சொல்லுக்கு இனி மதிப்பு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். காலம் கடந்து சொன்னால் உண்மைகூடப் பெண்டாட்டிமேல் வைத்த ஆசை மாதிரிதான் கேட்கிறது. அதனால்தான் பங்கு, சட்டி, சோடா, நிறம் என்று எல்லாவற்றையும் இதில் மறுபடி விவரமாகச் சேர்த்தேன். என்னை நம்ப வேண்டாம். பெரியவன் இந்தத் தாள்களைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் சயின்ஸ் வாத்தியாரிடம் காட்டட்டும். ஒன்பது பங்கு சாலிசிலிக் ஆசிட், புண்ணான தோல், உடம்பு முழுக்க, நான்கு நாள், அதற்குமேல் நான்கு வேளை மிக்சர், இரண்டு வயது. இது போதுமா, ஒரு குழந்தை சாக? இதில் தேய்த்தவள் குற்றம் எது, கலந்தவன் குற்றம் எது? அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வாங்கி வரட்டும். அதை நீங்கள் மூன்று பேரும் அத்தையிடம் கொண்டுபோய்ப் படியுங்கள். நான் வரமாட்டேன். நான் கூட இருந்தால் அவள் கேட்கமாட்டாள்.

அதற்கு முன்னால், பெரியவனே, இன்றைக்குச் சோற்றை அம்மா கையால் வாங்கிக்கொள்.